நாட்டு மாகூர் மீனின் தூண்டுமுறை இனப்பெருக்கமும் இளம் பருவ வளர்ச்சியும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் மழையை நம்பிய ஏரிகள் பல உள்ளன. கோடையில் நீர் வற்றிச் சேறாகும் இத்தகைய நீர்நிலைகளில் பிற மீன்கள் மடியினும், நாட்டு மாகூர் பிழைத்திருக்கும். நான்கு இணை மீசைகளையுடைய இக்கெளிற்றினத்திற்குச் செவுள்களின் மேல் மரக்கிளை போன்று கிளைத்த துணைச் சுவாச உறுப்பு உண்டு. அதன் துணையால் இது காற்றை நேரே சுவாசிக்கிறது. வறட்சியை வெல்லும் இம்மீனே இன்று அருகி வருகிறது; உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை ஆபத்துக்குள்ளான இனமாக வகைப்படுத்தியுள்ளது.

இயற்கையில் மழைக்காலத்தே வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் குழி அமைத்து இவை முட்டையிடும். ஆண்மீன் அக்குழியைக் காவல் காக்கும். அடைப்பிலோ, சினை முதிர்ந்தும் முட்டைகள் வெளிப்படுவதில்லை. மழைப்புனலும் புதுவெள்ளமும் அளிக்கும் தூண்டுதல் அங்கு இல்லாமையே இதற்குக் காரணம்.

இக்குறையை நீக்குவதே தூண்டுமுறை. 1957-இல் கட்டாக்கில் ஈராலால் சௌதுரியும் அலிகுஞ்ஞியும் கபச்சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை இனங்களை முட்டையிடச் செய்தனர். இன்று செயற்கை ஹார்மோன் கலவைகளும் பயன்படுகின்றன. அவற்றின் ஒரு கூறு கபச்சுரப்பியைத் தூண்டும்; மற்றொன்று, அதனைத் தடுக்கும் டோபமைனின் செயலை நிறுத்தும்.

ஊசியிட்ட ஏறத்தாழ 16 முதல் 17 மணி நேரத்திற்குப் பின், பெண்மீனின் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டைகளைப் பெறுகின்றனர். ஆண்மீனிடம் இவ்வாறு விந்து பெற இயலாது. எனவே அதனைக் கொன்று, விந்தகத்தை உப்புக் கரைசலில் மசித்து முட்டைகளுடன் கலக்கின்றனர். காவலனாக இருக்கவேண்டிய மீன் பலியாவது இம்முறையின் பெருங்குறையாகும்.

ஒட்டும் தன்மையுள்ள முட்டைகள் ஓடும் நீரில் சுமார் ஒரு நாளில் பொரிக்கும். குஞ்சுகள் முதல் மூன்று, நான்கு நாட்கள் மஞ்சட்கருவை உண்டு வாழும். பின்னர் ஆர்டீமியா இளவுயிரி, விலங்கு மிதவையுயிர் முதலிய உயிருணவு தேவை. ஏறத்தாழ பத்து நாட்களில் அவை நீர்மட்டத்திற்கு வந்து காற்றைப் பருகத் தொடங்கும். ஆதலின் தொட்டியில் நீர் ஆழமாக இருத்தல் கூடாது. உணவு குறைந்தால் ஒன்றையொன்று தின்னும். அளவுவாரியாகப் பிரித்தல் இன்றியமையாதது.

ஆப்பிரிக்கக் கெளிறு கலந்துவிட்டால் நாட்டு மாகூரின் மரபுத் தூய்மை கெடும். ஆதலின், குஞ்சுகளின் இனம் உறுதியான பின்னரே அவற்றை ஏரியில் விடுதல் வேண்டும்.