டிக்கியில் பேட்டரி, பெயின்ட் மேல் எர்த்

கேள்வி: என் காரில் ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் பொருத்தியபோது, ஆக்சஸரீஸ் கடைக்காரரே பேட்டரியை டிக்கிக்கு மாற்றிக் கொடுத்தார். மூன்றே மாதத்தில் டிக்கியில் தீப்பிடித்து வண்டியின் பின்பாதி போய்விட்டது. எர்த் வயரை பெயின்ட் மேலேயே போல்ட் போட்டிருக்கிறார்கள், பாசிட்டிவ் வயரில் ஃபியூஸ் இல்லை என்று சர்வேயர் எழுதியிருக்கிறார். ‘அனுமதியில்லாத மாற்றம், மின் பழுது’ என்று இன்சூரன்ஸ் கம்பெனி க்ளெய்மை நிராகரித்துவிட்டது. கடைக்காரர் போனையே எடுப்பதில்லை. எனக்கு வழி உண்டா?

— வாசகர், ஈரோடு

பதில்: உண்டு. கம்பெனி மேல் ஒன்று, கடை மேல் ஒன்று என இரண்டு புகார்கள். ஒரே மனுவில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பாலிசியை எடுத்துப் பாருங்கள். ஓன் டேமேஜ் பகுதியில் தீ, வெடிப்பு, தானாகத் தீப்பிடித்தல் எல்லாம் பெயர் சொல்லியே இருக்கும். விலக்குகளில் வரும் ‘மின் பழுது’ பழுதான பொருளோடு நிற்கும். கருகிய வயருக்குப் பணம் தரமாட்டோம் என்றால் சரி. அதிலிருந்து பிடித்த தீயில் போன சீட்டுக்கும் பாடிக்கும் தரமாட்டோம் என்பது நிற்காத வாதம்.

அடுத்த காரணத்தில்தான் கவனம் தேவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, ஆர்.சி. விவரங்களோடு முரண்படும் மாற்றங்களைத் தடுக்கிறது. பேட்டரி எங்கே இருக்கிறது என்று எந்த ஆர்.சி.யிலும் எழுதுவதில்லை. ஆனாலும், முக்கியமான மாற்றத்தை எங்களிடம் சொல்லவில்லை என்று கம்பெனி வாதாடும். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. அப்படியே வைத்துக்கொண்டாலும், 2010-இல் அமலேந்து சாஹு வழக்கில், பாலிசி நிபந்தனை மீறலுக்காக க்ளெய்மை முழுக்கத் தள்ளாமல் ‘நான்-ஸ்டாண்டர்ட்’ முறையில் தீர்க்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 75 சதவீதம் வரை கேட்கலாம். ஆம்ப்ளிஃபயரைத் தனி பிரீமியம் கட்டிச் சேர்க்கவில்லை என்றால் அதன் விலையை மறந்துவிடுங்கள்.

கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு முதலில் எழுத்தில் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ மறுத்தாலோ இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம்; ஓராண்டு கெடு உண்டு. கட்டணம் கிடையாது. எங்களைப் போன்ற வக்கீல்களுக்கும் அங்கே வேலை கிடையாது.

கடைக்காரர் விஷயம் இன்னும் தெளிவு. பேட்டரி டிக்கிக்குப் போய்விட்டால், செல்ஃப் அடிக்கும்போது பாயும் நூற்றுக்கணக்கான ஆம்பியரும் பாடி வழியாக வந்து அந்த எர்த் போல்ட்டில்தான் திரும்ப வேண்டும். பெயின்டைச் சுரண்டி வெறும் தகட்டில் இறுக்காவிட்டால் அந்த இடம் கொதிக்கும். பாசிட்டிவ் வயர் வழியில் எங்காவது தகட்டில் உரசினால், பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் இல்லாதபோது தடுக்க எதுவுமில்லை. வயரிங் தொழில் செய்பவருக்கு இது பால பாடம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதைச் சேவைக் குறைபாடு என்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கடைக்கு நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியிருக்காது, அதனால் கட்டணமில்லை.

பில் இல்லையா? பணம் அனுப்பிய ஜிபே பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் போதும். சர்வேயர் அறிக்கையின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுயேச்சையான ஆட்டோமொபைல் இன்ஜினியர் ஒருவர் அந்த போல்ட்டையும், அடியில் பெயின்ட் ஒட்டியிருக்கும் தகட்டையும் படமெடுத்து அறிக்கை தரும்வரை வண்டியை ஸ்க்ராப்புக்குக் கொடுக்காதீர்கள். வக்கீல் நோட்டீஸ் போனதும் கடைக்காரர் ‘ஒருதடவை பார்த்துவிட்டுப் போகிறேன்’ என்று வருவார். வண்டியோடு அவரைத் தனியே விடாதீர்கள்.