தள்ளிப்போடும் மனம்

புனே நகரில் வசிக்கும் ஒரு குடும்பப் பெரியவரை மனக்கண்முன் கொண்டுவரலாம். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து, நீராடி, பூஜையை முடித்து, ஆறு மணிக்குள் பால் வாங்கி வந்துவிடுவார். மின்கட்டணத்தையோ காப்பீட்டுத் தவணையையோ ஒருநாளும் தாமதித்தவரல்லர். ஆயினும், அவருடைய மேசை இழுப்பறையில் எழுதப்படாத ஓர் இன்லண்ட் கடிதம் 9 ஆண்டுகளாகக் கிடக்கிறது.

ஜபல்பூரில் இருக்கும் தமையனாருக்கு எழுத வேண்டிய கடிதம் அது. தந்தையார் விட்டுச் சென்ற வீட்டை விற்ற வேளையில் கோபத்தில் வந்த ஒரு சொல் சகோதரர் இருவரையும் பிரித்துவிட்டது. சொன்னவர் இளையவர். தவறு தம்முடையது என்பதும் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தீபாவளியின்போதும் அந்தத் தாளை வெளியே எடுப்பார். பேனாவைத் திறந்ததும், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்பது நினைவுக்கு வரும். 'பொங்கலுக்கு எழுதிக்கொள்ளலாம்' என்று தாள் மீண்டும் இழுப்பறைக்குள் போய்விடும். தமையனாருக்கு இப்போது வயது 78.

இவரிடம் நேரம் இருக்கிறது. எழுதும் திறன் இருக்கிறது. எழுத வேண்டும் என்ற உண்மையான விருப்பமும் இருக்கிறது. அப்படியிருந்தும் கை ஏன் எழவில்லை? தள்ளிப்போடுதல் என்னும் நோயைப் புரிந்துகொள்ள விரும்புவோர் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சோம்பல் வேறு, தள்ளிப்போடுதல் வேறு

காரியத்தைத் தள்ளிப்போடுகிறவனை உலகம் 'சோம்பேறி' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறது. நம் சான்றோர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணவில்லை. பகவத்கீதையின் 18-ஆம் அத்தியாயத்தில், தமோகுணம் மேலோங்கிய கர்த்தாவின் அடையாளங்கள் ஒரு சுலோகத்தில் அடுக்கிக் கூறப்படுகின்றன. அவற்றுள் இறுதியாக வருபவை மூன்று: அலசன், விஷாதி, தீர்க்கசூத்ரி. சோம்பல் உடையவன், மனச்சோர்வில் ஆழ்ந்தவன், செயலை இழுத்துக்கொண்டே போகிறவன் என்பது இவற்றின் பொருள். தீர்க்கசூத்ரி என்ற சொல்லுக்கு 'நீண்ட நூலை உடையவன்' என்பது நேர்ப்பொருள். இன்றோ நாளையோ முடிக்க வேண்டியதை ஒரு மாதமானாலும் முடிக்காதவன் என்று ஆதிசங்கரர் தம் உரையில் விளக்குகிறார்.

சோம்பலுக்கு ஒரு சொல், தள்ளிப்போடுதலுக்கு வேறொரு சொல், இரண்டுக்கும் நடுவே மனச்சோர்வு என்ற வைப்புமுறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. திருவள்ளுவரும் 'மடியின்மை' என்னும் 61-ஆம் அதிகாரத்தில், கெட்டழியப் போகிறவர் விரும்பி ஏறும் மரக்கலங்களாக நான்கினைச் சொல்லும்போது, காலம் நீட்டித்தலையும் சோம்பலையும் தனித்தனியாகவே எண்ணுகிறார். பதஞ்சலி முனிவர் யோகசூத்திரத்தின் முதற்பாதத்தில் கூறும் ஒன்பது தடைகளுள்ளும் மனத்தின் மந்தம், ஐயம், கவனமின்மை, சோம்பல் ஆகியவை வெவ்வேறு தடைகளாகவே இடம்பெறுகின்றன. நோய் வெவ்வேறானால் மருந்தும் வெவ்வேறுதானே!

குருக்ஷேத்திரத்தில் வில்லை நழுவவிட்டுத் தேர்த்தட்டில் அமர்ந்த அர்ஜுனனைச் சோம்பேறி என்று யார் சொல்ல முடியும்? அவனுக்குக் 'குடாகேசன்' என்று ஒரு பெயர் உண்டு. உறக்கத்தை வென்றவன் என்று உரையாசிரியர்கள் அதற்குப் பொருள் கூறுவர். உறக்கத்தை வென்றவனையும் விஷாதம் உட்காரவைத்துவிட்டது. கண்ணபிரான் அவனுக்கு அவகாசம் வாங்கித் தரவில்லை. அவன் மனத்தில் குழம்பிக் கிடந்த துயரத்தையும் அச்சத்தையும் எடுத்துப் பேசித் தெளிவித்தார். அதன்பின் வில் தானே கைக்கு வந்தது.

சாந்திபர்வம் கூறும் இரு கதைகள்

மகாபாரதத்தின் சாந்திபர்வத்தில் பீஷ்மர் தருமருக்கு மூன்று மீன்களின் கதையைச் சொல்கிறார். ஆழமில்லாத ஒரு குளத்தில் மூன்று மீன்கள் நட்புடன் வாழ்ந்தன. ஒன்று வருமுன் காக்கும் தொலைநோக்குடையது. இன்னொன்று நெருக்கடி வந்த நொடியில் வழி காணும் கூர்மதியுடையது. மூன்றாவதின் பெயரே தீர்க்கசூத்ரன். ஒருநாள் மீனவர்கள் குளத்து நீரைப் பள்ளமான இடங்களுக்கு வடியவிடத் தொடங்கினார்கள். தொலைநோக்குடைய மீன், 'வழி அடைபடுமுன் வேறிடம் போய்விடுவோம்' என்றது. தீர்க்கசூத்ரன் மறுக்கவில்லை. 'நீ சொல்வது சரிதான். ஆனால் இவ்வளவு அவசரம் வேண்டியதில்லை' என்றது. முதல் மீன் ஓடும் நீரின் வழியே ஆழமான வேறொரு மடுவுக்குச் சென்றுவிட்டது. நீர் வற்றியதும் மற்ற இரண்டும் பிடிபட்டன. கூர்மதியுள்ள மீன், கயிற்றில் கோக்கப்பட்டதுபோல் அதை வாயால் கவ்விக்கொண்டு கிடந்தது. மீனவர்கள் நல்ல நீரில் கழுவ எடுத்துச் சென்றபோது நழுவித் தப்பியது. தீர்க்கசூத்ரன் மாண்டது.

இக்கதையைக் கேட்பவர், எதையும் உடனே செய்துவிடுவதே அறம் என்று முடிவு கட்டிவிடக்கூடும். அதே சாந்திபர்வத்தில் தருமர் இன்னொரு கேள்வி கேட்கிறார்: ஒரு செயலை விரைந்து முடிவு செய்ய வேண்டுமா, நிதானித்தா? அதற்கு விடையாகப் பீஷ்மர் சொல்வது சிரகாரியின் கதை.

கௌதம முனிவரின் மைந்தனான சிரகாரி எதையும் நெடுநேரம் சிந்தித்தே செய்பவன். அவனை மந்தபுத்திக்காரன் என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. ஒருநாள் மனைவியிடம் குற்றம் கண்டு வெகுண்ட முனிவர், அவளைக் கொன்றுவிடும்படி மகனுக்கு ஆணையிட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். தந்தையின் சொல்லைக் காப்பதும் தருமம். தாயைக் காப்பதும் தருமம். சிரகாரி ஆயுதத்தோடு நின்று இரு பக்கத்தையும் எண்ணி எண்ணிப் பார்த்தான். பொழுது கழிந்தது. காட்டில் கோபம் தணிந்த கௌதமர், 'இன்றைக்காவது என் மகன் தன் பெயருக்கேற்பத் தாமதித்திருக்கக் கூடாதா' என்று கண்ணீர் பெருக ஓடிவந்தார். மகன் ஆயுதத்தை எறிந்துவிட்டுத் தந்தையின் காலில் விழுந்தான். அன்னை உயிரோடு இருந்தாள். தந்தை மகனைத் தழுவி உச்சி முகர்ந்தார்.

ஒரு தாமதம் உயிரைக் குடித்தது. இன்னொரு தாமதம் உயிரைக் காத்தது. இரண்டையும் பிரித்தறிவது எப்படி? சிரகாரி அந்த வேளை முழுவதும் அந்தக் காரியத்தையே நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தான். தீர்க்கசூத்ரனோ அதைப் பாராமல் இருப்பதற்காகவே 'அவசரமில்லை' என்றது. காலம் கடந்ததா என்பதைக் காட்டிலும், கடந்த காலத்தில் மனம் எங்கே இருந்தது என்பதே உண்மையான சோதனை. காரியத்தின் எதிரில் நின்றிருந்தால் அது நிதானம். காரியத்துக்கு முதுகைக் காட்டி ஓடியிருந்தால் அது தள்ளிப்போடுதல். புனேப் பெரியவர் அந்த 9 ஆண்டுகளில் கடிதத்தைப் பற்றிச் சிந்தித்த நேரம் ஒரு மணியைக்கூட எட்டாது. அதை மறந்திருக்கப் பட்ட பாடுதான் மிகுதி.

மனம் எதற்கு அஞ்சி ஓடுகிறது?

அண்மைக்கால உளவியலாரும் இதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். ஃபியூஷா சிரோயிஸ், திமோதி பிச்சில் ஆகிய இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், தள்ளிப்போடும் பழக்கத்தின் வேர் அந்த நேரத்து மனநிலையைச் சரிசெய்துகொள்ளும் முயற்சியில் இருக்கிறது என்று விளக்கினார்கள். ஒரு வேலையை நினைத்தவுடன் மனத்தில் கசப்பு எழுகிறது. வேலையை விலக்கினால் கசப்பும் விலகுகிறது. அந்தச் சிறு நிம்மதியே கூலியாகிவிடுவதால், மனம் அடுத்த முறையும் அதே வழியில் ஓடக் கற்றுக்கொள்கிறது. பின்னால் வரும் துன்பத்தை 'நாளைய மனிதன்' சுமக்கட்டும் என்று இன்றைய மனிதன் விட்டுவிடுகிறான்.

அந்தக் கசப்பு எல்லாருக்கும் ஒன்றல்ல. தேர்வுக்குப் படிக்காத மாணவனிடம் இருப்பது தோல்வி அச்சம். கட்டுரையை முடிக்காத அறிஞரிடம் இருப்பது, குறையின்றி அமைய வேண்டும் என்ற நுட்பமான செருக்கு. மருத்துவப் பரிசோதனைக்குப் போகாதவரிடம் இருப்பது, கேட்க நேரும் செய்தியைப் பற்றிய நடுக்கம். தியானத்தை ஓய்வுக் காலத்துக்கு ஒத்திவைக்கும் இல்லறத்தாரிடம் இருப்பது, அமைதியாக அமர்ந்தால் தம்மைத் தாமே சந்திக்க நேருமே என்ற தயக்கம். புனேப் பெரியவரிடம் இருப்பது வெட்கம்; கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

மீளும் வழி

முதலாவது, உள்ளே எழும் உணர்வை இனம் காண்பது. 'நேரமில்லை' என்று வாய் சொல்லும்போது, 'உண்மையில் எதைக் கண்டு விலகுகிறாய்?' என்று மனத்தை மெல்லக் கேட்க வேண்டும். அச்சமா, வெட்கமா, சலிப்பா, எங்கே தொடங்குவதென்று தெரியாத குழப்பமா என்று பெயரிட்டுப் பார்த்தால், அந்த உணர்வின் வேகம் பாதி தணியும். பார்ப்பவன் வேறு, பார்க்கப்படும் உணர்வு வேறு என்று நின்று பழகிய சாதகருக்கு இது எளிது.

இரண்டாவது, செயலின் முதல் அடியை மிகச் சிறிதாக்குவது. தடைகளை நீக்கப் பதஞ்சலி கூறும் உபாயம் ஒரே பொருளில் பயிற்சி. காரியம் முழுவதையும் ஒருசேர நோக்கினால் மனம் மலைக்கும். கட்டுரையின் ஒரு வரி, கணக்கேட்டின் ஒரு பக்கம், ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு என்று அடுத்து வைக்க வேண்டிய அடியை மட்டும் கண்முன் நிறுத்த வேண்டும். உற்சாகம் வந்தபின் தொடங்கலாம் என்று காத்திருப்பவருக்கு உற்சாகம் வருவதே இல்லை. தொடங்கியவரைத் தேடி அது பின்னால் வருகிறது.

மூன்றாவது, இடத்தையும் வேளையையும் குறித்துவிடுவது. 'இன்ன வேளையில், இன்ன இடத்தில், இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்ட தீர்மானம் வெறும் விருப்பத்தைவிட வலியது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். சந்தியா வேளைகளில் இன்னது செய்ய வேண்டும் என்று நம் முன்னோர் வகுத்ததிலும் இந்த நுட்பம் அடங்கியிருக்கிறது. வேளை வந்ததும் கை தானாகச் செயலை நாடும். ஒவ்வொரு நாளும் மனத்தோடு வழக்காட வேண்டியதில்லை.

நான்காவது, பலனை இறக்கி வைப்பது. செயலில்தான் மனிதனுக்கு உரிமை, பலனில் இல்லை என்ற கீதையின் உபதேசத்தைக் கடமைக்குச் சொன்னதாக மட்டும் கொள்கிறோர் பலர். தள்ளிப்போடும் மனத்துக்கு அதுவே அருமருந்து. செயல் எப்போதும் தாங்கத்தக்க எடையுடையதுதான். வெற்றி வருமா, பாராட்டுவார்களா, மன்னிப்பார்களா என்ற பலனின் சுமையை அதன்மேல் ஏற்றும்போதுதான் கை தூக்க முடியாமல் போகிறது. வெற்றி தோல்விகளில் மாறுபடாதவனே உறுதியும் உற்சாகமும் உடைய சாத்விக கர்த்தா என்று அதே 18-ஆம் அத்தியாயம் கூறுவது இதனால்தான்.

ஐந்தாவது, தன்னைத் தானே நிந்திப்பதை நிறுத்துவது. ஒருமுறை தவறியவுடன், 'நான் எதற்கும் உதவாதவன்' என்று நொந்துகொள்வது பொறுப்புணர்ச்சிபோலத் தோன்றும். ஆனால் அது விஷாதத்தை வளர்த்து, மேலும் ஓடவே தூண்டும். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடையே நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தம்மைத் தாமே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டது தெரியவந்தது. மன்னிப்பு என்பது தவறை மறைப்பதன்று. தவறை ஒப்புக்கொண்டு, சுமையை இறக்கிவிட்டு, மறுபடி நடக்கத் தொடங்குவதாகும்.

தாமதிக்க வேண்டியவையும் உண்டு

சுடுசொல், பழிவாங்கும் எண்ணம், பிறரைப் பற்றிய கடுந்தீர்ப்பு ஆகியவை எவ்வளவு தள்ளிப்போனாலும் நன்மையே. ஆசையிலும் செருக்கிலும் துரோகத்திலும் பாவச் செயலிலும் நெடிது தாமதிப்பவன் போற்றப்படுகிறான் என்று பீஷ்மர் சிரகாரியின் கதையோடு சேர்த்தே சொல்கிறார். வீட்டை விற்ற அன்று அந்த ஒரு சொல்லைச் சற்றே தாமதித்திருந்தால், கடிதத்துக்கே தேவை இருந்திராது. மனிதர்களின் வாழ்வில் பெரும்பாலும் இது தலைகீழாகவே நடக்கிறது. கோபம் உடனே வெளிப்படுகிறது. மன்னிப்புக் கேட்பது ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறது.

இனி அந்தப் பெரியவர் செய்ய வேண்டியது என்ன? கடிதம் முழுவதையும் இன்று எழுத வேண்டியதில்லை. நாளைக் காலை பூஜை முடிந்து, பால் வாங்கப் புறப்படுமுன், அதே மேசையில் அமர்ந்து 'அன்புள்ள அண்ணா' என்று எழுதினால் போதும். மறுநாள் ஒரு வரி: 'அன்று நான் பேசியது தவறு.' மூன்றாம் நாள் முகவரி. பால் வாங்கப் போகும் வழியிலேயே தபால் பெட்டி இருக்கிறது. ஜபல்பூரிலிருந்து பதில் வருவதும் வராததும் அவர் கையில் இல்லை. கடிதம் போய்ச் சேர்வது அவர் கையில் இருக்கிறது.

குளத்து நீர் ஓசையின்றி வடிந்துகொண்டிருக்கிறது. வழி இன்னும் திறந்தே இருக்கிறது.