நாலு லட்சத்து இருபதாயிரம் எங்கே போகிறது?

தளி பஸ் ஸ்டாண்டில் பனி விலகாத காலை 5.45க்கு ஒரு வேன் வந்து நிற்கும். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஏறுவார்கள், உட்கார்ந்ததுமே தூங்கிப்போவார்கள். ஆனேக்கல் தாண்டி, சந்தாபுரா நெரிசலில் வண்டி நிற்கும்போதுதான் கண் விழிப்பார்கள். இந்த வேனில் ஏறுவதா, ஓசூர் பஸ்ஸில் ஏறுவதா என்ற கேள்வியோடு எதிர்வீட்டுப் பெண் போன வாரம் என்னிடம் வந்தாள். கையில் இரண்டு ஆஃபர் லெட்டர். பெங்களூர்க் கம்பெனி வருஷத்துக்கு 4,20,000 என்கிறது, ஓசூர்க் கம்பெனி 3,30,000.

"இதுல யோசிக்க என்ன மாமா இருக்கு? தொண்ணூறாயிரம் வித்தியாசம்" என்றார் அவளுடைய அப்பா. எங்கள் ஊரில் பத்தில் ஒன்பது பேர் இப்படித்தான் சொல்வார்கள்.

"பேக்கேஜ்தான் சம்பளம்"

இல்லை. பேக்கேஜ் என்பது கம்பெனி நம் பேரில் எழுதும் மொத்தச் செலவுக் கணக்கு. அவள் கொண்டுவந்த தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் நானும் அவளுமாகக் கணக்குப் போட்டோம். 4,20,000 என்றால் மாதம் 35,000. அதில் பத்து சதவீதம் 'வேரியபிள்'. வேலையைப் பார்த்து வருஷக் கடைசியில் தருவார்கள், குறைத்தும் தரலாம். 3,500 போயிற்று. கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கு 1,800. கிராஜுவிட்டி என்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், 842. இன்சூரன்ஸுக்கு 500. மீதி 28,358. அதிலிருந்து அவள் பங்கு பிஎஃப் 1,800, தொழில் வரி 200, வேனுக்கு 1,500. வங்கிக் கணக்கில் கடைசியில் நிற்பது 24,858.

பிஎஃப் பணம் அவளுடையதுதான், வீணாகப் போகவில்லை. ஆனால் கிராஜுவிட்டி அப்படியல்ல. நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தால்தான் அது கைக்கு வரும். இரண்டு வருஷத்தில் கம்பெனி மாறும் பிள்ளைகளின் பேக்கேஜிலும் அதை முதல் நாளே சேர்த்து எழுதிவிடுகிறார்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இதை ஒரு வருஷமாகக் குறைத்திருக்கிறது.

ஓசூர்த் தாளில் வேரியபிள் கிடையாது, பஸ் இலவசம். அதையும் அதே மாதிரி கழித்துப் பார்த்தோம். கைக்கு 22,800 சொச்சம் வந்தது. வருஷத்துக்குத் தொண்ணூறாயிரமாகத் தெரிந்த வித்தியாசம் மாதத்துக்கு இரண்டாயிரமாகச் சுருங்கிவிட்டது. அந்த இரண்டாயிரத்துக்காக அவள் தினமும் மூன்றரை மணி நேரத்தைச் சாலையில் கொடுக்க வேண்டும். அவளுடைய அப்பா தாளை வாங்கி இரண்டு தரம் படித்தார், ஒன்றும் பேசவில்லை.

கர்நாடகத்தில் வரி கம்மி என்றும் சிலர் சொல்கிறார்கள். வருமான வரி நாடு முழுக்க ஒன்றுதான். தொழில் வரியை அங்கே மாதாமாதம் பிடிக்கிறார்கள், இங்கே அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி வாங்குகிறது. எந்த மாநிலமானாலும் ஒருவரிடம் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்பது அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது.

"இஎஸ்ஐ பிடிச்சா அது சின்னக் கம்பெனி"

இந்த எண்ணம் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால் இஎஸ்ஐ உண்டு. ஊழியர் கட்டுவது 0.75 சதவீதம், கம்பெனி கட்டுவது 3.25 சதவீதம். அவரை நம்பியிருக்கும், பெரிதாக வருமானமில்லாத அப்பா அம்மாவுக்கும் சிகிச்சை கிடைக்கும். பெரிய பேக்கேஜோடு வரும் குரூப் இன்சூரன்ஸில் பல நேரம் பெற்றோர் பெயரே இருக்காது. முட்டைக்கோஸ் தோட்டத்தில் முதுகு ஒடிய வேலை செய்த அப்பாவுக்கு ஆபரேஷன் என்று வரும்போதுதான் அது தெரியவரும். பாலிசியில் பெற்றோர் உண்டா என்பதைச் சேருவதற்கு முன்பே கேளுங்கள்.

"பெரிய பேர் இருந்தா வேலை போகாது"

2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆறரை லட்சம் என்று சொல்லிக் காத்திருக்க வைத்த புதியவர்களிடம் மூன்றரை லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. சர்க்கார் உத்தியோகம் போல நினைத்து, அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

"ஷேர் கொடுத்தா அதிர்ஷ்டம்"

நம் மாவட்டத்திலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது. போச்சம்பள்ளியில் ஆலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக் 2024 ஆகஸ்டில் ஒரு பங்கை 76 ரூபாய்க்கு விற்றுச் சந்தைக்கு வந்தது. சில நாட்களில் விலை 150ஐத் தாண்டியது. 2025இல் 50க்கும் கீழே இறங்கியது. ஓசூரில் ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர் எனர்ஜி ஒரு பங்கை 321 ரூபாய்க்கு விற்று 2025 மே மாதம் பட்டியலானது, அதே வருஷத்துக்குள் 600ஐத் தாண்டியது. இரண்டு கம்பெனியும் செய்வது மின்சார ஸ்கூட்டர்தான். எது ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. கம்பெனி தரும் ஷேரை வாங்கிக்கொள்ளுங்கள், அதை நம்பி மாதச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சம்மதிக்காதீர்கள்.

"பாண்டு எல்லாம் கோர்ட்ல நிக்காது"

நிற்கும். மூன்று வருஷத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அது பொதுத்துறை வங்கி வழக்கு, எல்லாக் கம்பெனிக்கும் அப்படியே பொருந்திவிடாது. ஆனாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்கிற இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

"ஏசி, கேன்டீன், டூர் இருந்தா நல்ல கம்பெனி"

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் நோய்வாய்ப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. 2025 நவம்பரில் நம் நாகமங்கலம் பக்கத்திலேயே, பெண் தொழிலாளர் விடுதிக் குளியலறையில் மறைகேமரா கிடைத்ததாகப் பெண்கள் திரண்டு போராடினார்கள். வேலை செய்கிற கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பிள்ளைகள் தூங்குகிற அறையும் சாப்பிடுகிற தட்டும் யார் பொறுப்பு என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள் குழு இருந்தாக வேண்டும். பிரசவ விடுப்பு 26 வாரம். இதெல்லாம் சலுகை அல்ல, சட்டம். "கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா?" என்ற கேள்விக்கு வாய்ப்பேச்சில் பதில் வாங்காதீர்கள். பிஎஃப் பாஸ்புக்கில் எந்த நிறுவனத்தின் பேர் வருகிறதோ அதுதான் உங்கள் முதலாளி. ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கிறவர் யாராவது மாலை பஸ்ஸில் இறங்குவார். அவரிடம் பாஸ்புக்கைக் காட்டச் சொல்லுங்கள், கடைசியாக எப்போது லீவு எடுத்தார் என்றும் கேளுங்கள்.

எதிர்வீட்டுப் பெண் திங்கள்கிழமை ஓசூர்க் கம்பெனிக்குப் போன் போட்டாள். பிஎஃப் யார் பேரில் கட்டுவீர்கள் என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறோம் என்றார்களாம். நாலு நாள் ஆயிற்று. இரண்டு தாளும் டிவி மேஜை மேல் இருக்கின்றன, அவள் எதிலும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.