35 பேரின் போனஸும் முடங்கிப்போன ஒரு கம்பெனியும்: டிரேட் கம்ப்ளையன்ஸ் நமக்கு ஏன் முக்கியம்?



ஒரு பங்கை வாங்குறதுக்கு முன்னாடி நாம என்னென்ன பார்ப்போம்? லாபம் வருஷா வருஷம் ஏறுதா, கடன் எவ்வளவு, பி.இ. விகிதம் என்ன, புரமோட்டர் பங்குகளை அடகு வெச்சிருக்காரா. இந்த நாலையும் நம்ம வீடியோக்கள்ல அடிக்கடி பேசியிருக்கோம். ஆனா அந்தக் கம்பெனி வெளிநாட்டோட வியாபாரம் பண்ணுதுன்னா ஐந்தாவதா ஒரு கேள்வியும் கேட்கணும்: "இவங்க சரக்கு எல்லை தாண்டும்போது சட்டத்தைச் சரியா கடைப்பிடிக்கிறாங்களா? அதைக் கவனிக்க கம்பெனிக்குள்ளேயே ஓர் ஏற்பாடு இருக்கா?"

அந்த ஏற்பாட்டுக்குத்தான் டிரேட் கம்ப்ளையன்ஸ் புரோகிராம்னு பேர். "இதெல்லாம் லீகல் டிபார்ட்மென்ட் வேலை, நமக்கென்ன?"ன்னு தோணலாம். உங்க எஸ்.ஐ.பி. பணம் போற ஃபண்ட்ல ஏற்றுமதி கம்பெனிகள் இருக்கலாம். உங்க சம்பளமே அப்படி ஒரு கம்பெனியிலிருந்து வரலாம். அதனால இது நம்ம பணத்தைப் பத்தின விஷயம்தான். ஒரு நிஜ உதாரணத்தோட ஆரம்பிப்போம்.

இசட்.டி.இ. கதை

இசட்.டி.இ. என்பது சீனாவின் ஷென்ஷென் நகரைச் சேர்ந்த பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம். அப்போ சுமார் 75,000 பேர் அங்கே வேலை பார்த்தாங்க. அவங்க தயாரிக்கிற கருவிகளுக்கும் போன்களுக்கும் அமெரிக்க சிப்புகள் வேணும். அமெரிக்கச் சட்டம் என்ன சொல்லுதுன்னா, தங்கள் நாட்டுத் தொழில்நுட்பம் உள்ள இந்த மாதிரிப் பொருட்களை லைசென்ஸ் இல்லாம ஈரான் மாதிரியான தடை விதிக்கப்பட்ட நாடுகளுக்கு அனுப்பக் கூடாது. விற்கிறது சீனக் கம்பெனியா இருந்தாலும் இந்தச் சட்டம் பொருளோட கூடவே போகும்.

இசட்.டி.இ. ஈரானுக்கும் வடகொரியாவுக்கும் அனுப்பியது. விசாரணை வந்தப்போ மறைக்கவும் பார்த்தது. கடைசியில் 2017 மார்ச் மாதம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மொத்த அபராதம் 119 கோடி டாலர். அதில் 30 கோடி டாலரை, "இனிமே ஒழுங்கா இருந்தால் கட்ட வேண்டாம்"னு நிறுத்தி வெச்சாங்க.

இதோட முடிஞ்சிருக்கலாம். ஆனா ஒப்பந்தத்தின்படி, தப்பில் சம்பந்தப்பட்ட ஊழியர்கள் மேல நடவடிக்கை எடுத்ததாக இசட்.டி.இ. அமெரிக்க வணிகத் துறைக்கு எழுதிக் கொடுத்திருந்தது. 2018ல் உண்மை வெளியே வந்தது. மூத்த ஊழியர்கள் நாலு பேரை மட்டும்தான் வேலையை விட்டு எடுத்திருந்தாங்க. மீதி 35 பேருக்குக் கண்டனக் கடிதமும் போகலை, போனஸும் குறையலை.

2018 ஏப்ரல் மத்தியில் அமெரிக்கா ஏழு வருடத் தடை போட்டது. அமெரிக்கக் கம்பெனிகள் எதுவும் இசட்.டி.இ.க்கு சிப், மென்பொருள் எதுவும் தரக் கூடாது. அதுக்கப்புறம் நடந்ததை வரிசையா பாருங்க:

• பங்கு வர்த்தகம் உடனே நிறுத்தப்பட்டது.
• மே மாதம், "எங்கள் முக்கிய வணிகச் செயல்பாடுகள் நின்றுவிட்டன"ன்னு கம்பெனியே அறிவித்தது.
• ஜூனில் புது ஒப்பந்தம்: 100 கோடி டாலர் அபராதம், அதுக்கு மேல 40 கோடி டாலர் பிணைத் தொகை. இயக்குநர் குழுவையும் உயர் நிர்வாகத்தையும் 30 நாளில் மாற்றணும். அமெரிக்கா தேர்ந்தெடுக்கும் கண்காணிப்புக் குழு 10 வருடம் உள்ளே உட்காரும்.
• ஜூன் 13ல் வர்த்தகம் திரும்பத் தொடங்கியதும், ஹாங்காங் சந்தையில் ஒரே நாளில் பங்கு சுமார் 40 சதவீதம் விழுந்தது.
• ஜூலையில்தான் தடை நீங்கியது. அந்த வருடம் முடியும்போது சுமார் 700 கோடி யுவான் நஷ்டம்.

அந்த இரண்டு மாதம் இசட்.டி.இ. பங்குதாரர்களால் ஒரு பங்கைக்கூட விற்க முடியலை. ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. அவங்களுக்கு உதிரிபாகம் விற்ற அமெரிக்காவின் அக்கேசியா கம்யூனிகேஷன்ஸ் பங்கும் தடை வந்த அன்னைக்கே மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது. தப்பு பண்ணினது வாடிக்கையாளர், அடி விழுந்தது சப்ளையருக்கும்.

இசட்.டி.இ.க்கு விதி தெரியாம இல்லை. விதியைக் கடைப்பிடிக்கிறோம்னு காகிதத்தில் சொன்னதும் உள்ளே நடந்ததும் வேற வேறயா இருந்தது. அதைப் பிடிச்சு நிறுத்த வேண்டிய ஏற்பாடு உள்ளுக்குள்ளேயே வேலை செய்யலை.

"நாங்க தப்பு பண்ணலையே"ன்னு சொன்னா போதுமா?

இசட்.டி.இ. தெரிஞ்சே செய்தது. தெரியாம செய்தா? அதுக்கும் ஓர் உதாரணம் இருக்கு.

எல்ஃப் என்பது அமெரிக்காவின் அழகுசாதன நிறுவனம். சீனாவிலுள்ள இரண்டு சப்ளையர்களிடம் செயற்கைக் கண்ணிமை செட்டுகளை வாங்கி இறக்குமதி செய்தாங்க. அந்தச் சப்ளையர்கள் மூலப்பொருளை வடகொரியாவிலிருந்து வாங்கியிருக்காங்க. 2012 ஏப்ரல் முதல் 2017 ஜனவரி வரை 156 முறை இந்தச் சரக்கு வந்திருக்கு. ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு, யாரும் கவனிக்கலை. சப்ளையரிடம் தரம் சரியா இருக்கான்னு பார்த்தாங்க, மூலப்பொருள் எந்த நாட்டிலிருந்து வருதுன்னு பார்க்கலை.

அப்புறம் அவங்களே நடத்திய ஆடிட்டில் இது தெரிஞ்சது. தாங்களே போய் அரசிடம் சொன்னாங்க. சட்டப்படி 4 கோடி டாலருக்கு மேல் அபராதம் போட்டிருக்க முடியும். 2019 ஜனவரியில் முடிவானது 10 லட்சம் டாலருக்கும் கொஞ்சம் குறைவு. தாங்களே கண்டுபிடிச்சு, தாங்களே சொல்லி, முறையைச் சரி செய்தது இந்தக் குறைப்புக்கு ஒரு பெரிய காரணம்.

தெரியாம நடந்த தப்புக்கும் பொறுப்பு உண்டு. ஆனா நீங்களே தேடிப் பிடிச்சா செலவு குறையும். ஒரு கம்ப்ளையன்ஸ் புரோகிராமோட லாபம் இங்கேதான் தெரியுது.

நம்ம ஊர்க் கணக்கு

இந்தியாவில் 2011 முதல், இறக்குமதி செய்றவரே தன் வரியைக் கணக்குப் போட்டு அறிவிக்கும் சுயமதிப்பீட்டு முறை நடைமுறையில் இருக்கு. பொருள் எந்த வகை என்பதை எச்.எஸ். கோடு என்ற எண்ணால் சொல்லணும். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒண்ணுதான், இந்தியாவில் எட்டு இலக்கம். ஒரு இலக்கம் மாறினா வரி விகிதமே மாறலாம். "துறைமுகத்துல சரக்கை விட்டுட்டாங்க, அதனால எல்லாம் சரி"ன்னு நினைக்க முடியாது. பிறகும் ஆடிட் வரும்.

ஒரு கற்பனைக் கம்பெனியை வெச்சுப் பார்ப்போம். வருடத்துக்கு 100 கோடி ரூபாய்க்கு உதிரிபாகம் இறக்குமதி. 7.5% வரி உள்ள கோடில் அறிவிக்கிறாங்க. உண்மையில் 15% வரணும். கூடுதல் வரிகளையும் ஐ.ஜி.எஸ்.டி.யையும் கணக்குக்காக ஒதுக்கி வெச்சிடுவோம். வருடத்துக்கு வித்தியாசம் 7.5 கோடி.

முதல் நிலை: வேணும்னே மறைச்சதாக சுங்கத்துறை நிரூபிச்சா, சுங்கச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் பின்னோக்கிப் போகலாம்.

• விட்டுப்போன வரி: 37.5 கோடி
• அதே அளவு அபராதம்: 37.5 கோடி
• 15% வட்டி, சராசரியா இரண்டரை வருஷத்துக்கு: சுமார் 14 கோடி
• மொத்தம்: சுமார் 89 கோடி

இரண்டாம் நிலை: நேர்மையான தவறு. அப்போ இரண்டு வருடம்தான் பின்னோக்கிப் போக முடியும். நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சு வட்டியோட கட்டிட்டா அபராதமும் கிடையாது.

• விட்டுப்போன வரி: 15 கோடி
• வட்டி, சராசரியா ஒரு வருஷத்துக்கு: சுமார் 2.25 கோடி
• மொத்தம்: சுமார் 17 கோடி

தப்பு ஒண்ணுதான். வித்தியாசம் 72 கோடி! எந்த நிலை என்பதை எது முடிவு பண்ணுது? பெரும்பாலும் ஆவணங்கள்தான். இந்தக் கோடை ஏன் தேர்ந்தெடுத்தோம், யார்கிட்ட ஆலோசனை கேட்டோம், சந்தேகம் வந்தப்போ என்ன செஞ்சோம் என்பதை அன்னைக்கே எழுதி வெச்சிருந்தா, "மறைக்கலை"ன்னு காட்ட முடியும். ஒண்ணுமே இல்லைன்னா வாய்ச்சொல்தான் மிச்சம். வருடத்துக்கு 12 கோடி லாபம் பார்க்கிற கம்பெனின்னா, முதல் நிலையில் ஏழு வருட லாபத்துக்கு மேல காலி.

ஏற்றுமதியிலும் இதே கதைதான். ஸ்கோமெட் பட்டியல்னு ஒண்ணு இருக்கு. சாதாரணத் தொழிலுக்கும் ஆயுதம் தயாரிக்கவும் பயன்படக்கூடிய பொருட்கள், மென்பொருள், தொழில்நுட்பம் அதில் இருக்கு. எல்லா பம்பும் அதில் வராது. ஆனா அரிக்கும் ரசாயனங்களைத் தாங்குற சில வகைப் பம்பும் வால்வும் வரும். அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசு அனுமதி வேணும். கவனிங்க, பட்டியலில் உள்ள தொழில்நுட்பத்தின் டிசைன் டிராயிங்கை வெளிநாட்டுக்கு மெயிலில் அனுப்புறதும் ஏற்றுமதிதான்.

நல்ல புரோகிராம்னா என்ன இருக்கணும்?

அமெரிக்க நிதித்துறையின் தடைகள் பிரிவு 2019ல் ஐந்து அம்சங்களைச் சொன்னது. எந்த நாட்டுக் கம்பெனிக்கும் பொருந்தும்:

1. மேலிடத்தின் ஆதரவு. கம்ப்ளையன்ஸ் அதிகாரி "இந்த ஆர்டர் வேண்டாம்"னு சொன்னா எம்.டி. கேட்கணும்.
2. ரிஸ்க் மதிப்பீடு. எந்த நாடு, எந்த வாடிக்கையாளர், எந்தப் பொருளில் ஆபத்து அதிகம்?
3. உள் கட்டுப்பாடுகள். தடைப் பட்டியலில் வாங்குபவர் பெயர் இருக்கான்னு பார்க்காம இன்வாய்ஸ் போகக் கூடாது.
4. சோதனையும் ஆடிட்டும். எல்ஃப் நிறுவனத்துக்குக் கைகொடுத்தது இதுதான்.
5. பயிற்சி. லீகல் டீமுக்கு மட்டும் இல்லை, சேல்ஸ், பர்ச்சேஸ், ஐ.டி. எல்லாருக்கும்.

நம்ம நாட்டில் சுங்கத்துறை ஏ.இ.ஓ. என்ற அங்கீகாரம் தருது. கணக்கு வழக்கு, சட்டத்தைக் கடைப்பிடிச்ச வரலாறு, நிதிநிலைமை, பாதுகாப்பு எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பாங்க. கிடைச்சா சரக்கு சோதனை குறையும். இரண்டாம், மூன்றாம் நிலை அங்கீகாரம் இருந்தா இறக்குமதி வரியைத் தள்ளிக் கட்டும் வசதியும் உண்டு. நடைமுறை மூலதனம் மிச்சம். ஆக, கம்ப்ளையன்ஸ் செலவு மட்டும் இல்லை, வரவும் தரும்.

முதலீட்டாளரா நீங்க பார்க்க வேண்டியது

• ஆண்டறிக்கையில் 'கண்டிஞ்சென்ட் லயபிலிட்டி' குறிப்பைத் திறங்க. சுங்க வரித் தகராறு எவ்வளவு? அதை வருட லாபத்தோட ஒப்பிடுங்க.
• ஆடிட்டர் அறிக்கையின் இணைப்பில், தகராறில் உள்ள அரசு பாக்கிகளின் பட்டியல் இருக்கும். எந்த வருடம், எவ்வளவு தொகை, எந்த அமைப்பின் முன்னால நிலுவை என்பது வரை தெரியும்.
• ஒரே நாட்டையோ ஒரே வாடிக்கையாளரையோ நம்பி விற்பனை இருக்கா? அந்த வாடிக்கையாளருக்குத் தடை வந்தா அக்கேசியா கதைதான்.
• வழக்கு இருக்குன்னாலே மோசமான கம்பெனின்னு முடிவு பண்ணாதீங்க. வகைப்பாட்டுத் தகராறு பெரிய கம்பெனிகளுக்குச் சகஜம். தொகை லாபத்தை விழுங்குமா, திரும்பத் திரும்ப வருதா என்பதைப் பாருங்க.

ஊழியரா நீங்க கவனிக்க வேண்டியது

சுங்கச் சட்டம் கம்பெனியை மட்டும் பிடிக்காது. பொய்னு தெரிஞ்சே ஓர் ஆவணத்தில் கையெழுத்துப் போட்டால், அந்த நபருக்கே சரக்கு மதிப்பில் ஐந்து மடங்கு வரை அபராதம் விதிக்க 114ஏஏ பிரிவில் இடமிருக்கு. "மேனேஜர் சொன்னாரு, போட்டேன்"ன்னா தப்பிச்சிடலாம்னு எண்ணாதீங்க. இன்வாய்ஸ் மதிப்பைக் குறைச்சுப் போடச் சொன்னாலோ, பொருளின் விவரத்தை மாற்றச் சொன்னாலோ, "சார், இதை மெயில்ல அனுப்பிடுங்க"ன்னு கேளுங்க. பாதி பேர் அங்கேயே பின்வாங்கிடுவாங்க. சந்தேகத்தை நீங்களும் எழுத்தில் பதிவு பண்ணுங்க.

இன்னொண்ணு. உங்க சம்பளமும் ஈசாப் பங்குகளும் ஒரே கம்பெனியில் இருந்தா, அங்கே தடை வந்தால் இரண்டும் சேர்ந்தே அடிபடும். அதனால ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதியைத் தனியா வெச்சுக்கோங்க. ஈசாப் பங்குகள் கைக்கு வந்ததும், ஒரு பகுதியை விற்று வேற இடத்தில் பிரிச்சுப் போடுங்க.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை: உங்க போர்ட்ஃபோலியோவில் ஏற்றுமதி அதிகமுள்ள ஒரு கம்பெனியை எடுங்க. ஆண்டறிக்கையில் சுங்க வரித் தகராறு எவ்வளவுன்னு தேடிப் பாருங்க, பத்து நிமிஷம் போதும். உங்களுக்குக் கிடைத்த தொகை அந்தக் கம்பெனியின் எத்தனை மாத லாபம்னு கணக்குப் போட்டு கமென்ட்டில் எழுதுங்க. அடுத்த வீடியோவில் சேர்ந்து பார்ப்போம்.