செஞ்சியில் பீட்சா அடுப்பு மூட்டப்போகும் பிள்ளைகளுக்கு

2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் ஏறியது. மராட்டியரின் 12 கோட்டைகளைச் சேர்த்துக் கொடுத்த அந்த அங்கீகாரத்தில் தமிழ்நாட்டுக்கு நம் கோட்டை ஒன்றுதான். அதற்குப் பிறகு பக்கத்துச் சிங்கவரத்திலிருந்தும் செஞ்சி கடைவீதியிலிருந்தும் பிள்ளைகள் என்னைத் தேடி வருகிறார்கள். "பெரியப்பா, நாலு மேசை போட்டு நல்ல இத்தாலி பீட்சா கடை வைக்கலாமா? நம்ம ஊர்க்காரங்க வாங்குற விலைக்குக் குடுக்க முடியுமா?" என்கிறார்கள். புதுச்சேரிப் பக்கத்து அடுப்படிகளில் நின்றே தலை நரைத்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். முடியும் என்றுதான் சொல்கிறேன். அதற்கான வழியையும் எழுதிவிடுகிறேன்.

1. இது ஏழைகளின் சாப்பாடு. முதலில் அதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பீட்சா பிறந்து வளர்ந்தது நேப்பிள்ஸ் நகரத்துத் தெருக்களில். துறைமுகக் கூலிகளும் மீன் பிடிப்பவர்களும் நின்றபடி மடித்துத் தின்ற சாப்பாடு அது. இன்று தின்றுவிட்டு எட்டு நாள் கழித்துக் காசு கொடுக்கும் கடன் வழக்கம்கூட அங்கே இருந்தது. மாவு, தக்காளி, பூண்டு, கொஞ்சம் எண்ணெய், இவ்வளவுதான் அதன் சாமான். நம் நாட்டுக்கு 1996 வாக்கில் பெரிய கம்பெனிகள் வழியாக வந்ததால், குளிர்சாதனம் போட்ட கடையில் பிறந்தநாளுக்குச் சாப்பிடும் பண்டமாக நாம் அதைப் பார்க்கப் பழகிவிட்டோம். மலிவாகக் கொடுப்பதால் அசல் கெடுவதில்லை. மலிவாகக் கொடுப்பதுதான் அதன் அசல் குணம். ராணி மார்கரீட்டாவுக்காக 1889இல் ஒரு சமையல்காரர் செய்தார் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். வரலாற்று ஆசிரியர்கள் பலர் அதைச் சந்தேகிக்கிறார்கள். ஆகவே கடைச் சுவரில் அதை எழுதி மாட்ட வேண்டாம்.

2. குயிலாப்பாளையம் போய்ச் சாப்பிட்டு வாருங்கள். இத்தாலிக்குப் போக நம்மிடம் வசதி இல்லை. ஆனால் 1968இல் தொடங்கிய ஆரோவில் நம் விழுப்புரம் மாவட்டத்தில், வானூர் வட்டத்தில்தான் இருக்கிறது. திண்டிவனம் வழியாக ஒரு பகல் பயணம். அங்கே குயிலாப்பாளையத்தில் டான்டோ என்ற கடை விறகு அடுப்பில் மெல்லிய பீட்சா சுட்டுக் கொடுக்கிறது. தட்டு வந்ததும் முதலில் அதன் அடிப்பாகத்தைத் தூக்கிப் பாருங்கள். ஓரம் எப்படி உப்பியிருக்கிறது, எங்கெங்கே கருகல் புள்ளி விழுந்திருக்கிறது, சீஸ் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்று கவனியுங்கள். அடுப்புக்காரரின் கையைப் பார்க்க இடம் கிடைத்தால் சாப்பாடு ஆறிப்போனாலும் பரவாயில்லை, நின்று பாருங்கள்.

3. பட்டியலில் இரண்டே பெயர் போதும், மரினாராவும் மார்கரீட்டாவும். நேப்பிள்ஸில் 1870 முதல் நடக்கும் தா மிக்கேலே என்ற கடை இந்த இரண்டை வைத்தே உலகப் பேர் வாங்கியது. மரினாராவில் சீஸே கிடையாது. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும்தான். நம் ஊருக்கு இது பெரிய வரம். செலவு குறைவு, வயதானவர்களும் தயங்காமல் சாப்பிடலாம். இருபது வகை எழுதினால் இருபது சாமான் ஃப்ரிட்ஜில் வாடும். வாடியதை வீணாக்க மனம் வராமல் தட்டில் வைப்பீர்கள். சின்னக் கடைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

4. மாவுக்கு நேரம் கொடுங்கள். எல்லா அறிவுரையிலும் இதுவே பெரிது.

நேப்பிள்ஸில் 1984இல் அமைந்த உண்மையான நேப்பிள்ஸ் பீட்சா சங்கம் அளவுகளை எழுதியே வைத்திருக்கிறது. 1 லிட்டர் தண்ணீருக்கு 1.6 முதல் 1.8 கிலோ மாவு, 40 முதல் 60 கிராம் உப்பு, மிகக் குறைவான ஈஸ்ட். எண்ணெயும் சர்க்கரையும் சேர்ப்பதில்லை. பிசைந்த மாவு குறைந்தது 8 மணி நேரம் புளிக்க வேண்டும். உருண்டை ஒன்று 200 முதல் 280 கிராம் வரை.

இதை நம் ஊர் வெயிலில் அப்படியே செய்தால் மாவு மதியத்துக்குள் பொங்கிச் சரிந்துவிடும். அதனால் ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பிசையுங்கள். உப்பை மேல் அளவுக்கு, 50 கிராமுக்கு மேலேயே வையுங்கள். அது புளிப்பை மெதுவாக்கும். உலர் ஈஸ்ட் 1 கிராம்கூட அதிகம் என்று நினைத்துப் போடுங்கள். சித்திரை, வைகாசியில் வெளியே வைக்கவே வேண்டாம். ராத்திரி பிசைந்து, உருட்டி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் கடை திறக்கும் முன் இரண்டு மணி நேரம் வெளியே எடுத்து வைத்தால் போதும். இட்லி மாவுக்குக் கோடைக்கும் மார்கழிக்கும் கைக்கணக்கை மாற்றும் அம்மாக்களிடம் வளர்ந்தவர்கள் நீங்கள். இந்தப் பாடம் உங்களுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

இத்தாலியிலிருந்து வரும் '00' மாவு பல மடங்கு விலை. நாலு மேசைக் கடைக்கு அது கட்டாது. நம் மைதாவிலேயே பரோட்டாவுக்கென்று விற்கும் வலுவான ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். பிசைந்த மாவில் ஒரு துண்டைக் கிழியாமல் சவ்வுபோல இழுத்து, அதன் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த மூட்டை ஆகும். கிழிந்தால் கடைக்காரரை மாற்றுங்கள். மாவை விரிக்கச் சப்பாத்திக் கட்டையைத் தொடவே கூடாது. நடுவிலிருந்து விரல்களால் அழுத்தி, உள்ளே இருக்கும் காற்றை ஓரத்துக்குத் தள்ள வேண்டும். கட்டை அந்தக் காற்றைக் கொன்றுவிடும். நம் ஊர் பரோட்டா மாஸ்டர்களில் ஒருவரை வேலைக்குச் சேர்த்தால் மாவை விரிப்பது இரண்டு வாரத்தில் அவர் கைக்கு வந்துவிடும். எண்ணெய் தொடும் பழக்கத்தை மட்டும் விட வேண்டியிருக்கும்.

5. தக்காளியை வேகவைத்துச் சட்னி ஆக்காதீர்கள். நேப்பிள்ஸ்காரர்கள் தோல் உரித்த தக்காளியைக் கையால் நசுக்கி, உப்பு மட்டும் போட்டுப் பச்சையாகவே தடவுகிறார்கள். அடுப்புதான் அதைச் சமைக்கிறது. அவர்களுடைய சான் மர்சானோ தக்காளியில் சதை அதிகம், நீர் குறைவு. நம் நாட்டுத் தக்காளியில் புளிப்பு நன்றாக இருக்கும், ஆனால் நீர் அதிகம். ஹைப்ரிட் தக்காளியில் சதை உண்டு, ருசி மட்டு. இரண்டையும் பாதிப் பாதி கலந்து, வெந்நீரில் முக்கித் தோலை உரித்து, விதையை வழித்து, வடிகட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். வடிந்த நீரை வீட்டுக்குக் கொண்டுபோய் ரசம் வைக்கலாம்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தக்காளி ஒரு மாதம் தெருவில் கொட்டப்படும், இன்னொரு மாதம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டும். 2023 ஜூலையில் எல்லோரும் அதைப் பார்த்தோம். விலை விழும் நாளில் விவசாயியிடமே நேராக வாங்கி, உரித்து, கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, எலுமிச்சைச் சாறு சேர்த்து, பாட்டிலோடு கொதிநீரில் வேகவைத்துச் சேமியுங்கள். எலுமிச்சையை விட்டுவிடாதீர்கள். புளிப்பு குறைந்தால் மூடிய பாட்டிலுக்குள் உயிருக்கே ஆபத்தான நச்சுக் கிருமி வளர முடியும். மூடி உப்பிய பாட்டிலை ருசிகூடப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

6. சீஸில் ஏமாற்றாதீர்கள். ஏமாறவும் செய்யாதீர்கள். மொத்த விற்பனைக் கடைகளில் மொசரெல்லா மாதிரியே பொட்டலம் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கும். பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். 'அனலாக்' என்றோ தாவரக் கொழுப்பு என்றோ இருந்தால் அது முழுக்கப் பாலில் செய்த சீஸ் இல்லை, பெரும்பாலும் பாமாயில் கலந்த பண்டம். சூட்டில் ரப்பராக இழுபடும், ஆறினால் வாயில் மெழுகாக ஒட்டும். நூறு ரூபாய்க்கு இரண்டு பீட்சா என்று பலகை வைக்கும் கடையைப் பார்த்தால் இந்தச் சந்தேகம் உங்களுக்கு வர வேண்டும். விலையைக் குறைக்க வேண்டுமானால் நல்ல சீஸைக் குறைவாகப் போடுங்கள். 80 கிராம் போதும். இத்தாலியில் எவரும் தட்டை மூடுமளவு கொட்டுவதில்லை.

முதல் வருடம் நல்ல பால் சீஸை வாங்கியே நடத்துங்கள். பிறகு சொந்தமாகச் செய்யப் பழகலாம். ஆரோவில்லில் லா ஃபெர்ம் என்ற சிறு பண்ணைத் தொழில் மொசரெல்லா செய்கிறது. பெங்களூரில் பெனடிக்ட் வழித் துறவிகள் இத்தாலியில் கற்றுவந்து செய்தார்கள். ஆகவே இது நம்மவர்க்கு எட்டாத வித்தை அல்ல. 10 லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 1 கிலோ வரும். சிங்கவரம், மேலச்சேரிப் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் காலையில் கறக்கும் பால் இதற்கு நன்றாக உறையும். நீண்ட நாள் கெடாத அட்டைப்பெட்டிப் பால் உறையாது. பாலைப் பதமாகச் சூடாக்கிக் கிருமி நீக்கிய பிறகு ரென்னட் சேர்த்து உறையவைத்து, திரளை வெந்நீரில் போட்டு இழுக்க வேண்டும். கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டும் உண்டு, நுண்ணுயிரிலிருந்து எடுப்பதும் உண்டு. இரண்டாவதையே வாங்குங்கள். சிங்கவரம் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு மலையிறங்கி வருகிறவர் "இது சைவம்தானா?" என்று கேட்டால் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல முடிய வேண்டும். புது மொசரெல்லாவை நறுக்கி நாலு மணி நேரம் வடியவிடாமல் போட்டால் பீட்சாவின் நடுவில் குளம் கட்டும்.

7. மேலே போடும் இலை திருநீற்றுப்பச்சிலை. சப்ஜா விதை தரும் அதே இனச் செடி. துளசி போடாதீர்கள், காரமான மருந்து வாசனை மற்றதை அமுக்கிவிடும். கடை வாசலில் ஆறு தொட்டி வைத்தால் இலைக்குச் செலவே இல்லை.

8. அடுப்புக்குக் காசை ஒதுக்குங்கள், அலங்காரத்துக்கு வேண்டாம். நேப்பிள்ஸ் முறைப்படி அடுப்பின் தரை 400 டிகிரியை ஒட்டியும் கூரை அதற்கு மேலும் காய வேண்டும். பீட்சா உள்ளே இருப்பது 60 முதல் 90 விநாடிதான். சூடு குறைந்தால் மாவு காய்ந்து பிஸ்கட் ஆகிவிடும். தரைக்கும் குவிமாடத்துக்கும் தீச்செங்கல்லே போடுங்கள், சூளைச் செங்கல் இந்தச் சூட்டில் வெடிக்கும். குவிமாடத்தைத் தாழ்வாகவும் வாயைக் குறுகலாகவும் வையுங்கள். கட்டி முடித்ததும் ஒரு வாரம் சின்னத் தீ போட்டு ஈரத்தை உலர்த்துங்கள். அவசரப்பட்டால் விரிசல் விழும். விறகுக்குக் காய்ந்த சவுக்கு. நம் மாவட்டத்துக் கடலோரத்தில் விளைவது, புகை குறைவு, சூடு அதிகம். தீ மூட்டிய பிறகு சிறிது நேரம் கூரை கரி படிந்து கறுத்திருக்கும். பிறகு அந்தக் கரியே எரிந்து கூரை வெளுக்கும். வெளுத்தால் அடுப்பு தயார். முட்டை மிட்டாய்க்குப் பேர் போன ஊர் இது. நெருப்பின் பதம் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

9. இடம் பார்க்கும்போது சட்டத்தையும் பாருங்கள். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அப்படிப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். திருவண்ணாமலை சாலையோரத்தில் ஒரு பழைய கடையை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவை முதல் நாளே எடுத்து, சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டுங்கள்.

10. கணக்கைத் திறந்து வையுங்கள். செஞ்சி கடைவீதி விலைக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கு இது: மார்கரீட்டா ஒன்றுக்கு மாவு 7 ரூபாய், தக்காளி 5, சீஸ் 40, எண்ணெய், உப்பு, இலை 7, விறகு 7. மொத்தம் 66. மரினாராவுக்கு 30 ரூபாயை ஒட்டி வரும். வாடகை, கூலி, மின்சாரம் சேர்த்து மார்கரீட்டாவை 150க்கும் மரினாராவை 80க்கும் கொடுக்கலாம். எண்ணெய்ச் செலவு கூடாமல் இருக்க, பீட்சாவைச் சுட்டு முடித்த பிறகு ஆலிவ் எண்ணெயை மேலே ஒரு கோடு ஊற்றினால் போதும், அதன் மணம் அப்போதுதான் தெரியும்.

11. வருகிறவர்களை வகுப்பெடுத்துக் களைப்பாக்காதீர்கள். காரம் கேட்டால் மிளகாய் ஊறிய எண்ணெய் கொடுங்கள். இத்தாலியின் தெற்குப் பகுதிக்காரர்களும் மிளகாய் தின்பவர்கள்தான். தக்காளி சாஸ் கேட்டால் "ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கண்ணே, அப்புறம் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். சிக்கன் டிக்கா பீட்சா கேட்பவர்களிடம் இங்கே இல்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள். மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் அமாவாசைக் கூட்டம் வரும் நாளில் மாவு தீர்ந்தால் கடையைச் சாத்திவிடுங்கள். புளிக்காத மாவை அவசரத்துக்குச் சுட்டுக் கொடுப்பதைவிட அது மேல்.

12. கோட்டை பார்க்க இனி வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டவரும் கூடுதலாக வருவார்கள். அவர்களுக்கு ஒரு விலை, உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை என்று வைக்காதீர்கள். மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டையை இறக்கிவிட்டு வரும் சிங்கவரத்து விவசாயி தன் பிள்ளையைக் கூட்டிவந்து 80 ரூபாய்க்கு ஒரு மரினாரா வாங்கிப் பகிர்ந்து தின்ன முடிகிற கடையாக அது இருக்க வேண்டும். கடை திறக்கும் நாளைச் சொல்லி அனுப்புங்கள், முதல் நாள் அடுப்பை மூட்டிக் கொடுக்க நான் வருகிறேன்.