அந்நியரோடு ஒரே பந்தியில்



உல்லாசக் கப்பலில் பிரயாணம் செய்ய இடம் பதிவு செய்கிறவர்களிடம், அறை, கட்டணம், தேதி ஆகியவற்றோடு ஒரு சின்னக் கேள்வியும் கேட்கப்படுவதுண்டு. "இரவுச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் அமரும் மேசை வேண்டும்? இருவர் மேசையா, நால்வர் மேசையா, எட்டுப் பேர் மேசையா?" பார்வைக்கு அற்பமான கேள்வி. ஆனால் இதற்குச் சொல்லும் பதிலில்தான் பிரயாணத்தின் பாதிச் சந்தோஷம் அடங்கியிருக்கிறது என்று அனுபவசாலிகள் பலர் சொல்வார்கள்.

ஓர் உதாரணத்தை மனக்கண்முன் நிறுத்துவோம். இங்கிலாந்து தேசத்து அம்மாள் ஒருவர். பல வருஷங்களாகக் கணவரோடு கப்பலில் போய்வந்தவர். எப்போதும் இருவர் மேசைதான். சென்ற வருஷம் கணவர் காலமானார். இப்போது சவுதாம்ப்டன் துறையிலிருந்து நியூயார்க்குக்குத் தனியே போகத் துணிந்திருக்கிறார். மேற்படி கேள்வி அவர் முன் நிற்கிறது. இருவர் மேசை என்றால் எதிரே காலி நாற்காலி. எட்டுப் பேர் மேசை என்றால் முன்பின் அறியாத ஏழு முகங்கள். எதை எழுதுவார்? அவர் இடத்தில் நாம் இருந்தால் எதை எழுதுவோம்? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய பாடத்துக்குள் செல்வோம்.

1. பழைய நாளின் நீண்ட மேசை

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1840ஆம் ஆண்டில் சாமுவேல் கியூனார்டு என்பவரின் கம்பெனி 'பிரிட்டானியா' என்னும் நீராவிக் கப்பலை லிவர்ப்பூலிலிருந்து அமெரிக்காவுக்கு ஓட்டத் தொடங்கியது. 1842 ஜனவரியில் பிரபல ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தம் மனைவியுடன் அதில் ஏறினார். அதன் போஜன சாலையைக் கண்டு அவருக்கு உற்சாகம் பிறக்கவில்லை. ஜன்னல் வைத்த பெரிய சவ வண்டியைப் போல் இருந்ததாகப் பிற்பாடு தம் பிரயாண நூலில் எழுதினார். அறையின் இரு பக்கத்திலும் நீள நீளமான மேசைகள். அவற்றுக்கு மேலே, கூரையோடு பொருத்திய தட்டுகளில் கண்ணாடிக் குவளைகள். கப்பல் ஆடப்போகிறது என்பதை அந்தத் தட்டுகளே சொல்லாமல் சொல்லின. பாஸ்டன் போய்ச் சேரப் பதினெட்டு நாட்கள் ஆயின. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் எல்லாரும் அதே மேசைகளில்தான் உண்ண வேண்டும்.

பிறகு வந்த கப்பல்களில் நாற்காலிகளைத் தரையோடு முடுக்கி, சுழலும்படி அமைத்தார்கள். புயல் நாட்களில் தட்டுகள் வழுக்கி விழாதபடி மேசையைச் சுற்றிச் சட்டம் மாட்டினார்கள். எதிரே இருப்பவர் பிரபுவானாலும் வியாபாரியானாலும், அவர் குழம்பு அவர் மடியில் கொட்டாமல் இருக்க இருவரும் ஒரே சட்டத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது!

போக வேண்டிய ஊருக்காக அல்லாமல், பிரயாணத்தின் இன்பத்துக்காகவே கப்பல் ஏறும் வழக்கத்துக்குப் பெரிய முன்மாதிரி 1891ல் ஏற்பட்டது. அவ்வருஷம் ஜனவரியில் ஹாம்பர்க் கம்பெனியின் ஆல்பர்ட் பால்லின், குளிர்காலத்தில் சும்மா கிடக்கவிருந்த 'அவுகுஸ்தா விக்டோரியா' கப்பலில் இருநூற்றுக்கு மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்டினார். அவரே 1905ல் 'அமெரிக்கா' என்னும் கப்பலில், நினைத்த வேளையில் நினைத்ததைத் தருவித்து உண்ணக்கூடிய தனி உணவகத்தையும் வைத்தார். பந்தியை விட்டு விலகித் தனி மேசைக்குப் போகும் ஆசை அக்காலத்திலேயே இருந்தது என்பதற்கு இது சாட்சி.

ஆனாலும் பெரும்பாலான உல்லாசக் கப்பல்களில், குறித்த நேரம், குறித்த மேசை, குறித்த தோழர்கள் என்னும் முறையே இருபதாம் நூற்றாண்டின் கடைசிவரை நடந்துவந்தது. 2000ஆம் ஆண்டில் நார்வீஜியன் கம்பெனி, விருப்பப்பட்ட நேரத்தில் விருப்பப்பட்டவரோடு சாப்பிடலாம் என்னும் முறையைக் கொண்டுவந்தது. மற்றக் கம்பெனிகளும் அதற்கு ஏற்ப ஏதேனும் ஒரு மாற்றம் செய்தன. இன்று பல கப்பல்களில் இரண்டு முறைகளும் உண்டு. ஆகவே அந்நியரோடு அமர்வது இன்று நாமாகத் தெரிந்துகொள்ளும் காரியமாகிவிட்டது. தெரிந்துகொள்வதாயிருந்தால் காரணம் வேண்டுமல்லவா? அதைப் பார்ப்போம்.

2. மேசையின் ஏற்பாடு

பழைய முறையில் இரவு உணவு இரண்டு பந்தியாக நடைபெறும். முதல் பந்தி மாலை ஆறு மணி அளவில். இரண்டாம் பந்தி எட்டு அல்லது எட்டரை மணி அளவில். கப்பல் ஏறியதும் மேசையின் எண் உங்களுக்குத் தெரிவிக்கப்படும். அன்று முதல் கரை சேரும்வரை அதே மேசை, அதே தோழர்கள், பரிமாறுகிற ஊழியர்களும் அவர்களே. உங்களுக்குக் காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்பதை இரண்டாம் நாளே அவர்கள் தெரிந்துவைத்திருப்பார்கள்.

சவுதாம்ப்டனிலிருந்து நியூயார்க் செல்லும் 'குயீன் மேரி 2' கப்பலை எடுத்துக்கொள்வோம். 2004 முதல் ஓடும் இக்கப்பல் வழக்கமாக ஏழு இரவுகளில் அத்லாந்திக்கைக் கடக்கிறது. இடையில் ஒரு துறைமுகமும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான். மேற்கு நோக்கிப் போகையில், இரு ஊர்களின் ஐந்து மணி வித்தியாசத்தைச் சரிக்கட்ட, ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒவ்வொரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். ஐந்து நாட்களுக்கு இருபத்தைந்து மணி நேரம்! மேசையை விட்டு எழுந்து ஓட வேண்டிய அவசரம் யாருக்குமில்லை. பேச்சு வளர இதைவிட நல்ல நிலம் வேறெது?

3. ஏன் இனிக்கிறது?

முதற்காரணம், உண்பது எல்லாருக்கும் பொது. ஜெர்மானிய அறிஞர் கியோர்க் சிம்மல் 1910ல் உணவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் கண்டதை மற்றவரும் காணலாம். ஒருவர் நினைத்ததை மற்றவருக்கும் சொல்லலாம். ஆனால் ஒருவர் உண்ட கவளத்தை மற்றவர் உண்ண முடியாது. இவ்வளவு தன்னந்தனியான காரியமே, எந்த விஷயத்திலும் ஒட்டாத மனிதரையும் ஒரே இடத்தில் கூட்டிவைக்கிறது என்பதே அவர் கண்ட விசித்திரம். தோழனைக் குறிக்கும் 'கம்பானியன்' என்னும் ஆங்கிலச் சொல், கூட என்று பொருள்படும் இலத்தீன் சொல்லும், அப்பம் என்று பொருள்படும் 'பானிஸ்' என்னும் சொல்லும் சேர்ந்து பிறந்தது. ஒரே அப்பத்தை உண்பவனே தோழன். நம் தமிழிலோ 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய பொருளே புதுமை என்பது. புதிதாய் வந்தவர்தான் விருந்து. தெரிந்தவரோடு உண்பது வெறும் சாப்பாடு என்று சொல் வகுத்தவர்கள் நினைத்தார்களோ என்னவோ!

இரண்டாவது காரணம், நம்முடைய பயம் பெரும்பாலும் தவறான கணக்கு. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கொலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களில் சிலரைப் பக்கத்திலிருக்கும் அந்நியரோடு பேசும்படியும், சிலரைப் பேசாமல் தனித்திருக்கும்படியும், சிலரை வழக்கம்போல் இருக்கும்படியும் கேட்டுக்கொண்டார்கள். பேசினால் பிரயாணம் கெட்டுவிடும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. உண்மையில் பேசியவர்களே மற்றவர்களைவிட மகிழ்ச்சியோடு இறங்கினார்கள். காரணம் என்ன? எனக்குப் பேச ஆசைதான், ஆனால் அவருக்கு விருப்பமிராது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். இரு பக்கமும் கதவு திறந்திருக்க, இருவரும் வெளியே நிற்பது போலாம் இது.

மூன்றாவது காரணம், முடிவு தெரிந்திருப்பது. ஏழு இரவுகள் கழிந்ததும் இறங்கிவிடுவோம் என்பது எல்லாருக்கும் தெரியும். அயலாரிடம் சொல்லத் தயங்குகிற காரியத்தை, நாளை பிரிந்துபோகிறவரிடம் சொல்ல மனம் துணிகிறது. அந்நியரிடத்தில் மனிதர் ஆச்சரியமான அளவுக்கு மனம் திறப்பதை அதே சிம்மல் 1908லேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். ஒருநாள் சந்திப்பில் இது வாய்ப்பதில்லை. வருஷக்கணக்கான பழக்கத்தில் இதற்குக் கூச்சம் வந்துவிடுகிறது. ஒரு வாரம் என்பது சரியான அளவு.

4. நல்ல மேசைத் தோழராவது எப்படி?

முதலாவது, நேரத்துக்கு வாருங்கள். உங்களுக்காக ஏழு பேர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கலாம். வேறிடத்தில் சாப்பிடப் போவதானால் முந்தின இரவே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, உங்கள் கதையை விட உங்கள் கேள்வி மேசைக்கு அதிகம் பயன்படும். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்பதைவிட, "இன்றைக்கு என்ன பார்த்தீர்கள்?" என்பது நல்லது. ஓய்வு பெற்றவரும், வேலை இழந்தவரும், இளைஞரும் கூச்சமின்றிப் பதில் சொல்லக்கூடிய கேள்வி அது.

மூன்றாவது, பிரயாணத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஒருபோதும் கேட்காதீர்கள். ஒரே அறைக்கு ஒருவர் குறைவாகவும் ஒருவர் அதிகமாகவும் கொடுத்திருப்பார். அதிகம் கொடுத்தவருக்கு அன்றிரவு சோறு இறங்காது. முன்பு எத்தனை கப்பல்களில் போனோம் என்ற ஜாபிதாவும் அப்படியே. முதல்முறை வந்தவரை அது ஊமையாக்கிவிடும்.

நான்காவது, நாற்காலியை மாற்றி மாற்றி உட்காருங்கள். வட்ட மேசையில் நேர் எதிரே இருப்பவர் குரல் பல சமயம் சரியாகக் கேட்பதில்லை. இன்று தம்பதிகள் பிரிந்து உட்கார்ந்தால், நாளை எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள்.

ஐந்தாவது, முதல் இரவை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முதல் இரவில் எல்லாரும் களைப்பும் கூச்சமுமாய் இருப்பார்கள். அதிகம் பேசுகிறவர் பல சமயம் பயத்தினால் பேசுகிறவரே. இரண்டாம் இரவிலும் வந்து அமருங்கள்.

5. மேசை பொருந்தாவிட்டால்?

எல்லா மேசையும் நல்ல மேசை என்று சொன்னால் அது பொய்யாகும். அரசியல் சண்டையை விடாதவர்கள், பரிமாறும் ஊழியரை அதட்டுகிறவர்கள், ஓயாமல் தற்பெருமை பேசுகிறவர்கள் இல்லாமலில்லை. சகித்துக்கொண்டு ஏழு இரவும் அவஸ்தைப்பட வேண்டுமென்று சட்டமில்லை. போஜன சாலையின் மேற்பார்வையாளரிடம் பகலிலேயே தனியாகச் சொன்னால், இடமிருக்கும் பட்சத்தில் வேறு மேசை கிடைக்கும். காரணத்தை விஸ்தரிக்க வேண்டாம். பழைய மேசைக்காரரைத் தாழ்வாரத்தில் கண்டால் முகத்தைத் திருப்பவும் வேண்டாம். தனிமையை உண்மையாகவே விரும்புகிறவர்கள் இருவர் மேசையில் அமர்வதிலும் குற்றமில்லை. ஆசையினால் தனித்திருப்பது வேறு, பயத்தினால் தனித்திருப்பது வேறு. எது நம்முடையது என்று நாமே கேட்டுக்கொள்வதுதான் முக்கியம்.

6. அந்த அம்மாள் எழுதிய பதில்

நம் உதாரணத்துக்குத் திரும்புவோம். அந்த அம்மாள் எட்டுப் பேர் மேசை என்று எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரவு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு அதிகம் பேசாமல் எழுந்துபோனார். நாளை வரவேண்டாமென்றுகூட எண்ணினார். இரண்டாம் இரவு, பக்கத்திலிருந்த விவசாயி ஆடுகளைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு, வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். மூன்றாம் இரவு, புது மணத்தம்பதிகள் அவருடைய கணவரைப் பற்றிக் கேட்டார்கள். ஊரில் எல்லாரும் அந்தப் பேச்சை ஜாக்கிரதையாக ஒதுக்குவார்கள்; இவர்களுக்கு ஒதுக்கத் தெரியவில்லை. அவர் சொன்னார். மேசை கேட்டது.

நான்காம் நாள் கடல் பொங்கியது. அம்மாளுக்குத் தலைசுற்றல், சாப்பிடப் போகாமல் படுத்துவிட்டார். இரவு ஒன்பது மணிக்கு அறைக்கதவு தட்டப்பட்டது. பரிமாறும் ஊழியர் உலர்ந்த பிஸ்கோத்தும் ஒரு பச்சை ஆப்பிளும் கொண்டுவந்திருந்தார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. ஏழு பேரும் கையெழுத்திட்டிருந்தார்கள்.

நேயர்களே, பதிவு செய்த நாளில் அவர் பயந்தது தம் எதிரே இருக்கப்போகும் காலி நாற்காலிக்கு. இப்போது காலியாயிருந்தது அவருடைய நாற்காலி; அதைக் கவனிக்க ஏழு பேர் இருந்தார்கள். கணவர் இருந்த இடம் நிரம்பிவிடவில்லை, அது நிரம்பக்கூடியதுமல்ல. ஆனால் தாம் வராததைக் கவனிப்பார் உண்டு என்பதை அவர் அறிந்துகொண்டார். பொதுமேசை கொடுக்கக்கூடிய பெரிய நன்மை இதுவே. நியூயார்க் துறையில் இறங்கியபின் அவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினாலும் சரி, எழுதாமற் போனாலும் சரி, அந்த ஏழு இரவுகள் வீணல்ல.

கப்பல் ஏற நம்மில் அநேகருக்கு வாய்க்காது. ஆனால் கலியாணப் பந்தியும், ரயில் வண்டியும், ஆஸ்பத்திரித் திண்ணையும் எல்லாருக்கும் உண்டு. அங்கே பக்கத்தில் இருப்பவரும் நம்மைப் போலவே, இவருக்குப் பேச விருப்பமிராது என்று எண்ணிக்கொண்டிருப்பார். முதல் வார்த்தை நம்முடையதாயிருக்கட்டும்.

யோசிக்க வேண்டிய கேள்விகள்

1. பொதுமேசையில் உண்பது இனிப்பதற்கு இப்பாடம் காட்டும் மூன்று காரணங்கள் யாவை?

2. சிகாகோ ரயில் பிரயாணிகள் எதை எதிர்பார்த்தார்கள்? நடந்தது என்ன?

3. ஆசையினால் தனித்திருப்பதற்கும் பயத்தினால் தனித்திருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

4. சென்ற கலியாணப் பந்தியில் உங்கள் இடப்பக்கத்தில் அமர்ந்திருந்தவர் யார்? அவர் பெயரைக் கேட்டீர்களா?