வளராத மிளகாய்ச் செடிக்கு உரம் போடாதே

"அக்கா, மிளகாய்ச் செடி வெச்சு மூணு மாசம் ஆகுது. ஒரு சாண் தாண்டல. என்ன உரம் போடலாம்?" புதுச்சேரி கதிர்காமத்துல எங்க தெருவுல வருஷத்துக்கு நாலு பேராவது வந்து இப்படிக் கேட்டுடுவாங்க. எல்லாருக்கும் நான் சொல்றது ஒண்ணுதான். கண்ணு, உரத்தை இப்போதைக்கு மறந்துடு. முதல்ல வேரைப் பாரு.

இது நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டது. மொட்டை மாடியில ஒரு பழைய பெயின்ட் வாளியில வெச்ச செடி குட்டையாவே நின்னுச்சு. வாரா வாரம் கடலைப் புண்ணாக்குக் கரைச்சு ஊத்துனேன். இலை இன்னும் வெளுத்துச்சு. கடைசியில வாளியைக் கவுத்தா, அடி மண்ணு களியா இருந்துச்சு, சாக்கடை நாத்தம். நான் போட்டிருந்த ரெண்டே ரெண்டு ஓட்டையும் செம்மண்ணு அடைச்சுக் கெடந்துச்சு. வேர் பாதி அழுகிப் போச்சு. மூச்சு விட முடியாத செடிக்கு நான் சோறு ஊட்டிகிட்டு இருந்திருக்கேன்.

மண்ணு லேசா ஈரமா இருக்கும்போது தொட்டியைச் சாய்ச்சு, பக்கத்துல தட்டி, மண்ணோட சேர்த்து செடியை உருவு. வேர் வெள்ளையா இருந்தா நல்ல சேதி. வெள்ளையா இருந்தும் தொட்டியைச் சுத்திச் சுத்தி வலை மாதிரி பின்னியிருந்தா, அதுக்கு இடம் பத்தல. ஒரு மிளகாய்ச் செடிக்கு 10, 12 இஞ்ச் அகலமும் அதே அளவு ஆழமும் உள்ள தொட்டி வேணும். பழுப்பா, தொட்டா கொழகொழன்னு இருந்தா அழுகல். அந்த வேரைச் சுத்தமான கத்தரியால வெட்டி எடுத்துடு. வேர்ல மணி மணியா முடிச்சு இருந்தா நூற்புழு. அந்த மண்ணை வேற தொட்டிக்கு எடுக்கவே எடுக்காதே.

புது மண்ணுக்கு நான் வெச்சிருக்குற கணக்கு: செம்மண்ணு ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் இல்லன்னா நல்லா மக்குன சாணி ஒரு பங்கு, ரெண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவை ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணியில அலசிப் பிழியணும். அதுல உப்பு இருக்கும். ஏற்கெனவே புதுச்சேரியில நாம ஊத்துறது எல்லாம் போர் தண்ணி. கடலோரம் போகப் போக அதுலயும் உப்பு ஏறும். தொட்டி ஓரத்துலயும் மண்ணு மேலயும் வெள்ளையாப் பூத்திருக்கும் பாரு, அது இந்த உப்புதான். அப்படிப் பூத்தா மேல் மண்ணை ஒரு இஞ்சுக்குச் சுரண்டி எறிஞ்சுடு. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, அடி ஓட்டை வழியா நல்லா வடியுற அளவுக்குத் தண்ணி விடு. ஐப்பசி, கார்த்திகை மழைத்தண்ணியைப் பிடிச்சு வெச்சு மிளகாய்க்கு ஊத்து. செடி முகமே மாறும்.

மாத்தி நட்ட செடியை நாலஞ்சு நாள் நிழல்ல வை. பூ, மொட்டு இருந்தா கிள்ளிடு. மனசு கேக்காதுதான், ஆனா நோஞ்சான் செடி காய்க்கிற வேலையை எடுத்துகிட்டா வளர்ற வேலையை விட்டுடும். விரலை ரெண்டாவது கணு வரைக்கும் மண்ணுல விட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் காலையில தண்ணி ஊத்து. ரெண்டு வாரத்துக்கு உரம் எதுவும் வேணாம். புதுத் துளிர் வந்த அப்புறம், பஞ்சகவ்யாவை லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி கலந்து பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை தெளிச்சா போதும்.

வேர் நல்லா இருந்தும் வளரலன்னா இலையைத் திருப்பிப் பாரு. மிளகாய் தன் வியாதியை இலையிலயே எழுதிக் காட்டும். ஓரம் மேல் பக்கமா மடங்கி படகு மாதிரி இருந்தா இலைப்பேன். கீழ் பக்கமா வளைஞ்சு, இலை ஒடுங்கி, காம்பு மட்டும் நீண்டிருந்தா முரணைச் சிலந்தி. கண்ணுக்கே தெரியாத பூச்சி அது. ரெண்டுக்கும் ஒரே மருந்துன்னு நெனச்சுத்தான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணி. வெயில் தாழ்ந்ததும் இலைக்கு அடிப்பக்கம் படுற மாதிரி அடி. வாரம் ஒரு தடவைன்னு மூணு தடவை. முரணைக்குக் கேக்குறது கந்தகம். நனையும் கந்தகத் தூள்னு கேட்டா உரக்கடையில தருவாங்க. 80 சதவீதத் தூள்னா லிட்டருக்கு 2 கிராம். எண்ணெய் அடிச்ச ரெண்டு வாரத்துக்குள்ள கந்தகம் அடிக்காதே, கொளுத்துற வெயில்லயும் அடிக்காதே. இலை கருகிடும்.

இலை சிறுத்து, மஞ்சள் ஓடி, நுனியெல்லாம் கொத்தாச் சுருங்கி நிக்குதா? செடியை அசைச்சா வெள்ளை ஈ பறக்குதா? அது வைரஸ். அதுக்கு வைத்தியம் கிடையாது. பிடுங்கிப் பையில கட்டிப் போட்டுடு, பக்கத்துச் செடியாவது பிழைக்கும். எதுன்னு கண்டுபிடிக்க முடியலன்னா, ரெண்டு இலையை ஒரு பையில போட்டுகிட்டு குரும்பாப்பேட்டுக்குப் போ. பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் அங்கதான் இருக்கு. கதிர்காமத்துல இருந்து ரொம்பத் தூரமெல்லாம் இல்ல.

சித்திரை, வைகாசியில பூ கொட்டுறது நோயில்ல, சூடு. மத்தியானம் 12 மணியில இருந்து 4 மணி வரைக்கும் பச்சை வலை நிழல் குடு, அது போதும்.

ஒரு வருஷம் ஆன செடியைக் கெழடுன்னு தூக்கிப் போடாதே. மிளகாய் ரெண்டு மூணு வருஷம் வாழக்கூடிய செடி. வெயில் தணிஞ்சு ஆடி பொறந்ததும், பாதி உயரத்துக்கு, கணுவுக்குக் கொஞ்சம் மேல வெட்டி விடு. எங்க வீட்டு வாளிச் செடி அப்படி வெட்டுனதுதான். வேரைச் சீர் பண்ணி, மண்ணை மாத்துன மூணாவது வாரம் துளிர்த்துச்சு. இப்ப அதுக்கு ரெண்டாவது வருஷம்.

நாளைக்குக் காலையில தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி, தொட்டியைக் கொஞ்சம் சாய்ச்சு அடியில இருக்குற ஓட்டையை ஒரு தடவை பாத்துடு.